இடது பின்னங்கால்

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குதிரையைப் பிடிக்கக் கூடாது, அது வெருண்டு இழுத்தால் விரலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும் என்பது சலேத்மேரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் இன்றைக்குச் சுற்றியிருந்தாள். போனால் போகட்டும், நேற்று இந்த விரல்கள் என்னத்தைக் கிழித்துவிட்டன என்று இருந்தது அவளுக்கு. கொட்டகையின் தகரக் கூரையில் உறைபனி இன்னும் இளகவில்லை. வெயில் எதிர் மேட்டு மரங்களின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொண்டு கீழே இறங்குவதற்குப் பிகு பண்ணிக்கொண்டிருந்தது. ஜூலியின் மூக்கிலிருந்து ஆவி வந்து அவள் கழுத்தை நனைத்தது, நனைத்த இடம் உடனே சில்லிட்டது. ஜூலி அவர்கள் வீட்டுக் குதிரைகள் இரண்டில் ஒன்று, செம்பழுப்புப் பெட்டை, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி யார் யாரையோ சுமந்து சுமந்து முதுகு லேசாகக் குழிந்துவிட்டது. அதன் இடது முன்னங்காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தான் அவள் புருஷன் அமல்தாஸ். குரங்குக் குல்லாவுக்கும் ஸ்வெட்டர் கழுத்துக்கும் நடுவில் அவன் பின்னங்கழுத்து கொஞ்சம் வெளியே தெரிந்தது, பனியில் சிவந்து, மயிர் முளைவிட்டு, எல்லா மனுஷருக்கும் இருக்கிற கழுத்தாக. கண்ணை எடுத்து வேறெங்கே வைத்தாலும் அது திரும்பி அங்கேயே வந்து நின்றது. கொறடு குளம்பின் ஓரத்தைக் கடித்து நறுக்கியது, வளைந்த துண்டு ஒன்று வைக்கோலில் விழுந்தது, ஒவ்வொரு நறுக்குக்கும் அவள் பல் கூசியது. எலும்பு முறிகிற சத்தமும் ஏறக்குறைய இதேதான். தன் விலா முறிந்ததைத் தன் காதால் கேட்டவள் அவள். "எங்கடி பாக்குற, குதிரையப் பாரு," என்றான் நிமிராமலே. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். ஜூலி ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பியது.

இந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் பனிக்காலத்தில் அமல்தாஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கே நிற்பது என்பதைத்தான். "நான் எந்தப் பக்கம் குனியிறேனோ அந்தப் பக்கந்தான் நீ நிக்கணும். குதிர துள்ளுச்சுன்னா தலைய உம் பக்கம் இழு. தல இங்கிட்டு வந்தா பின்பக்கம் அங்கிட்டுப் போகும், நான் பொழச்சேன். மாறி நின்னு இழுத்தேன்னு வையி, பின்னங்கால் ரெண்டும் எம்மேல வரும். அப்புறம் சங்குதான்." சொல்லிவிட்டுத் தன் அண்ணன் அருளப்பன் செத்த கதையைச் சொன்னான். அருளப்பன் ஒரு ஆண் குதிரைக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தானாம், கயிறு பிடித்தவன் புது ஆள், ரோட்டில் காரை விட்டு இறங்கிய கல்யாண ஜோடியை வாயைப் பிளந்து பார்த்தபடி எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டானாம், குதிரை மிரண்டதும் தன்னையறியாமல் தன் பக்கம் இழுத்தானாம், அவ்வளவுதான். அருளப்பனின் நெற்றிப்பொட்டு உடைத்த தேங்காய் மாதிரி உள்ளே போய்விட்டது. இதைச் சொல்லும்போது அமல்தாஸ் அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான், பார்த்து அவளும் உருகிப்போனாள், இந்த மனுஷனை நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷம் நெஞ்சாரச் சபதம் எடுத்தாள், எவ்வளவு பெரிய முட்டாள் அவள். அழுது முடித்தவன் காப்பியை எடுத்தான், ஆறிப்போயிருந்தது, டம்ளரை வைத்துவிட்டு அறைந்தான். அவன் கன்னத்தில் ஈரம் காயவில்லை, அதற்குள் இவள் கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் குனிந்த பக்கம் அவள் நின்றுவருகிறாள். முதலில் முன்னங்கால் இரண்டு, அப்புறம் வலது பின்னங்கால், கடைசியில் இடது பின்னங்கால், இதுதான் அவன் முறை. அவன் பக்கம் மாறும்போதெல்லாம் இவளும் ஜூலியின் கழுத்துக்கு அடியில் தலையைக் குனிந்து மறுபக்கம் போய்விடுவாள். மாறிவிட்டாளா என்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தரையைத் திரும்பிப் பார்த்தா யாரும் கால் வைக்கிறார்கள்.

"மாறு," என்றான். அவன் வலது முன்னங்காலுக்குப் போனான், அவளும் குனிந்து மாறினாள், மாறும்போது ஜூலியின் தாடை அவள் தலையில் உரசியது. இந்தக் குதிரையைப் பிடிக்க இந்த ஊரில் அவளை விட்டால் ஆள் இல்லை. வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் கடிக்கும், அமல்தாஸின் தோளிலேயே பல் தடம் இருக்கிறது. அவன் இப்போது வளைகத்தியால் குளம்பின் அடியில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினான், அழுகல் வாடை குப்பென்று வந்தது. பொங்கல் கூட்டம் வடிந்ததும் லாடத்தைக் கழற்றிவிட்டு, சித்திரை சீசன் வரைக்கும் வெறுங்குளம்பாக விடுவது அவர்கள் வழக்கம். ஆணி அடித்து அடித்துப் புண்ணான குளம்புக்கு அதுதான் ஓய்வு. ஆனால் பனிக்காலத்து வெறுங்குளம்பு கைக்குழந்தை மாதிரி, கண்ணை எடுக்கக் கூடாது. காலையில் கல்லாய் உறைந்த தரை, மத்தியானம் சகதி, சாயங்காலம் மூடுபனி. உறைந்த தரையில் ஓரம் தெறிக்கும், சகதியில் நடுவிலிருக்கிற மெத்தென்ற சதை அழுகும். ஓரத்தை உருட்டி விட வேண்டும், அழுகினதைச் சுத்தம் செய்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் கழுவி, காய்ந்த பிறகு வேப்பெண்ணெய் தடவ வேண்டும். அடித்தோலை மட்டும் தொடக் கூடாது. இங்கேதான் ஏரிக்கரை ஆட்கள் பாதிப் பேர் கெடுத்துக்கொள்வார்கள். லாடம் அடிக்கிற பழக்கத்தில் அடித்தோலையும் வெள்ளையாகச் சீவி எடுத்துவிட்டு, உறைந்த கல்லில் நடக்கவிட்டு, ரத்தம் கட்டி குதிரை நொண்டும்போது எவனோ கண்ணு வைத்துவிட்டான் என்பார்கள். அமல்தாஸ் அப்படிச் செய்யவே மாட்டான். அவன் கத்தி அடித்தோலின் மேல் போகும்போது பார்க்க வேண்டும், பிள்ளைக்கு நகம் வெட்டுகிற தாய் தோற்றாள். ஒரு நூல் கூட அதிகமாக எடுக்க மாட்டான். இந்தக் கைதான், இதே கைதான், அவள் கடைவாய்ப் பல்லை எடுத்தது, கொதிக்கிற கஞ்சியைத் தோளில் சரித்தது, கதவிடுக்கில் விரலை வைத்துச் சாத்தியது. இந்தப் பொறுமையை எல்லாம் இவன் குளம்பிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வெறும் கையை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜூலியின் குளம்பாகப் பிறந்திருந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள், வெட்கங்கெட்ட நினைப்பு, ஆனால் நினைத்திருக்கிறாள்.

"அவ எந்திரிச்சாளா?" என்றான். "இல்ல." "வேசம். ஒரு தட்டுத் தட்டினா ஊரைக் கூட்டுறது. உம் புத்திதான அவளுக்கும் வரும்." ஒரு தட்டு. மகள் பிரின்சி ஊரைக் கூட்டவில்லை, அதுதான் சலேத்மேரியால் தாங்க முடியாதது, பிள்ளை கத்தவே இல்லை, வயிற்றில் காற்றுப் போன மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. நேற்றுச் சாயங்காலம் இதே கொட்டகையில் அவன் என்ன கோபத்திலோ முறையை மாற்றி இடது பின்னங்காலை முதலில் எடுக்கப் போனான். அந்தக் கால்தான் ஜூலிக்கு ஆகாத கால், போன வருஷம் கட்டையால் அவன் அடித்த அடியில் முட்டி வீங்கி இறங்கின கால், யார் தொட்டாலும் நடுங்கும். கொடுக்க மாட்டேன் என்றது. கயிற்று நுனியால் அதன் வயிற்றில் விளாசினான், மறுபடி விளாசினான், இவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேப்பெண்ணெய் டப்பாவோடு வந்த பிரின்சி, பத்தாவது படிக்கிற பிள்ளை, டப்பாவை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள். "அப்பா, அடிக்காதீங்கப்பா, அது பயப்படுது." அவ்வளவுதான் சொன்னாள். அவன் தன் கையின் மேல் இருந்த அந்தக் கையை ஏதோ பூச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு மறு கையில் இருந்த அரத்தால் விளாசினான், முதலில் முழங்கையில், அவள் திரும்பியதும் முதுகில், கீழே விழுந்ததும் மறுபடி முதுகில். குளம்பைத் தேய்க்கிற அரம், பல் வைத்த இரும்பு, சட்டையோடு சேர்த்துத் தோலை இழுத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் பிள்ளை மேல் கை வைத்ததில்லை. அடியெல்லாம் தன்னோடு நிற்கும், நான் வாங்கிக்கொண்டால் அவளுக்கு வராது என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள், அந்தக் கணக்கு அந்த இடத்திலேயே கிழிந்தது. அப்போது அவள் என்ன செய்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிரை அந்தரத்தில் நிற்கிறது, கயிற்றை விடக் கூடாது, கயிற்றை விட்டால் எல்லோரையும் மிதிக்கும், கயிற்றை விடக் கூடாது, இதுதான் மண்டைக்குள் ஓடியது, வேறு எதுவும் ஓடவில்லை. வைக்கோலில் கிடந்த பிரின்சி ஒரு தடவை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

மஞ்சளும் உப்பும் போட்ட அதே வெந்நீரில்தான் பிள்ளையின் முதுகையும் கழுவினாள். அரத்தின் பல்வரிசை அப்படியே பதிந்திருந்தது, புள்ளி புள்ளியாக, வரிசை தப்பாமல். துணி பட்டதும் தோள் எலும்பு துள்ளியது. "ஏம்மா, கயித்த விட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்று பிரின்சி தலையணைக்குள் கேட்டாள். குறை சொல்கிற குரல் இல்லை. பாடத்தில் புரியாததைக் கேட்கிற குரல். அதற்கு என்ன பதில், குதிரை மிதித்திருக்கும் என்பதா, மிதித்தால் மிதித்துவிட்டுப் போகட்டுமே, யாரை மிதித்திருக்கும், அவனையும்தானே மிதித்திருக்கும். அந்த இடத்தில்தான் இந்த நினைப்பு முதலில் வந்தது. வந்ததும் அவள் பயந்துபோய் சலேத் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பாதியில் அது மறுபடி வந்து நின்றது, இந்தத் தடவை உருவத்தோடு, இடது பின்னங்காலும் இந்தச் சிவந்த கழுத்தும் அவள் கையும் கயிறுமாக. விடியும்வரை விரட்டிப் பார்த்தாள், கொல்லைப் பக்கம் விரட்டினால் வாசல் பக்கமாக வந்தது.

"மாறு" என்று சொல்லத் தேவை இல்லாமல் அவன் அதே பக்கத்திலேயே பின்னால் நகர்ந்து வலது பின்னங்காலைத் தூக்கித் தன் தொடை மேல் வாங்கிக்கொண்டான். அவளும் வலது பக்கத்தில் இருந்தாள். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. அடுத்தது இடது பின்னங்கால். அவன் போவான், இவள் மாறாமல் நின்றால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், நேற்று நின்ற மாதிரி சும்மா நின்றால் போதும். நிற்பது அவளுக்குப் புதிதா என்ன, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் செய்த ஒரே உருப்படியான வேலை நின்றதுதான். இரும்பு குளம்பைத் தேய்க்கிற சத்தம் அவள் முதுகுத்தண்டில் ஏறியது, தேய்க்கிறான், தேய்க்கிறான், அதே அரம், பல்லிடுக்கில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரின்சியின் பச்சைச் சட்டை நூல், அதோடேயே தேய்க்கிறான், தட்டக் கூட இல்லை. இவன் சாக வேண்டும். தெளிவாக, வெந்நீரில் குளித்த மாதிரி, அந்த எண்ணம் உடம்பெல்லாம் பரவியது. செத்தால் என்ன ஆகும் என்று மனசு கிளம்பிவிட்டது, அதற்கு வெட்கமே கிடையாது. சவப்பெட்டிக்குச் சொல்ல வேண்டும், கல்லறையில் அருளப்பன் பக்கத்தில் இடம் இருக்கிறதா, மூத்த நாத்தனார் மாரடித்துக்கொண்டு வருவாள், வந்து முதல் கேள்வியாகக் கயிறு யார் பிடித்தது என்று கேட்பாள், அந்தக் குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. நான்தான் பிடித்தேன் அக்கா. எந்தப் பக்கம். இந்த இடத்தில் மனசு சிக்கிக்கொண்டது. பொய் சொல்லலாம், சரியான பக்கம்தான் நின்றேன், குதிரைதான் மிரண்டுவிட்டது என்று. அப்போது பழி ஜூலிமேல் விழும். ஆளைக் கொன்ற குதிரையை ஏரிக்கரையில் யார் வைத்திருப்பார்கள், லாரியில் ஏற்றிவிடுவார்கள், எங்கே போகிற லாரி என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கொன்றதற்கு இது சாக வேண்டும். ஜூலி தன் மேலுதட்டால் அவள் சட்டைப்பையைத் துழாவியது, வெல்லம் இருக்கிறதா என்று. இல்லடி, இன்னிக்கு ஒண்ணும் கொண்டுவரல. கொலை செய்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்களா, நடுவில் வெல்லத்தைப் பற்றி வருத்தப்படுவார்களா. பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது, சாமி, நான் ஒன்றும் செய்யவில்லை, இடம் மாறாமல் நின்றேன், அது பாவமா. நேற்று நின்றது பாவமில்லையா என்று சாமி திருப்பிக் கேட்டால். கேட்கட்டும். கேட்க வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை, வாய்க்குள் இரும்பு ருசி மட்டும் இருந்தது, கன்னத்தின் உட்புறத்தைக் கடித்திருக்கிறாள். மாறிவிடலாம், இன்றைக்கு மாறிவிடலாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு குரல் நயமாகச் சொன்னது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும், இத்தனை வருஷம் அவளை உருட்டி உருட்டி இந்தக் கொட்டகை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். "இன்னிக்கு அவ வாயத் தொறந்தா முதுகோட விடமாட்டேன், மூஞ்சிய இழைச்சிருவேன், சொல்லிவையி," என்றான் அமல்தாஸ், காலைக் கீழே விட்டபடி. கோபமே இல்லாமல் சொன்னான், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அவன் ஜூலியின் பின்புறத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டே வாலைச் சுற்றி இடது பக்கம் போனான். அவள் கால் மாறுவதற்குத் தானாகவே எழுந்தது, பழகின கால், நாயைவிட விசுவாசமான கால். அதைத் திரும்ப வைக்கோலில் வைத்தாள். வைத்து ஊன்றினாள். அமல்தாஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிரையின் உடம்பு நடுவில் மறைத்தது, குல்லா மட்டும் கொஞ்சம் தெரிந்தது, பிறகு அதுவும் குனிந்து மறைந்தது. "கொடு," என்றான் குதிரையிடம், "கொடுடி மூதேவி." காலைத் தூக்கினான், ஜூலியின் தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது, காது இரண்டும் பின்னால் படிந்தன, கண்ணின் வெள்ளை தெரிந்தது. அது சலேத்மேரியைப் பார்த்தது, நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்கிற பார்வை. கொறடு கடித்தது. ஒரு துண்டு விழுந்தது. இன்னொன்று. பாதி ஓரம் முடிந்திருக்கும். அவள் கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள். தவறி அல்ல, கை நடுங்கியும் அல்ல, தோளிலிருந்து, இரண்டு கையாலும், உயிரைக் கொடுத்து இழுத்தாள். ஜூலி ஒரு கணம் நம்பவில்லை, கழுத்தை விறைத்தது, பிறகு தலை அவள் மார்புக்கு வந்தது, பின்பக்கம் மொத்தமும் இடது புறமாகச் சுழன்றது, அமல்தாஸின் கையிலிருந்து கால் உருவியது. முதல் உதை தகரச் சுவரில் விழுந்து கொட்டகை முழுக்க இடி இடித்தது. இரண்டாவது உதை அவன் தொடையில் விழுந்தது, மூட்டையை எறிகிற சத்தம். அவன் சுவரில் மோதி விழுந்தான், விழுகிற தலையை ஒட்டி மூன்றாவது உதை போனது, புதிதாக நறுக்கிய ஓரம், இன்னும் அரம் போடாத கூர், காது மடலைக் கிழித்துக்கொண்டு போனது. கயிறு அவள் விரல்களை நெரித்தது, ஒரு விரல் மடங்காத பக்கமாகத் திரும்பியது, அவள் விடவில்லை. கூரை இடுக்குகளிலிருந்து உறைபனி பொலபொலவென்று அவர்கள் மூவர் மேலும் உதிர்ந்தது.

சாகவில்லை. முனகினான், புரண்டான், கையைக் காதுக்குக் கொண்டுபோய் எடுத்துப் பார்த்தான், கை சிவப்பாக இருந்தது. அவளுக்கு முதலில் வந்தது ஏமாற்றம், அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்புறம் பயம் வந்தது, பழைய பயம், இப்போது எழுந்திருப்பான், எழுந்து வருவான் என்று. "புடிடி... குதிரையப் புடி," என்றான் கரகரத்து. பிறகு குதிரையின் வயிற்றுக்கு அடியில் அவன் கண் போனது, நான்கு குளம்புகளுக்கு அப்பால் அவளுடைய ரப்பர் செருப்புகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். "நீ எந்தப் பக்கம் நிக்கிற?" "இந்தப் பக்கம்." "எப்ப அங்கிட்டுப் போன?" "போகல. மாறாம நின்னேன்." அண்ணன் முகம்தான் அவன் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும், நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், அது உடையாமல் அங்கேயே இருந்தது. பிறகு அந்த முகம் மெதுவாக அவளுக்குத் தெரிந்த முகமாக மாறியது. வைக்கோலில் துழாவி அரத்தை எடுத்தான், சுவரைப் பிடித்து எழுந்தான், நொண்டிக்கொண்டு வாலைச் சுற்றி வந்தான். "உன்னக் கொன்னு இங்கயே பொதைக்கிறேன்." அவள் தலைக்கயிற்றை லேசாகத் தன் பக்கம் திருப்பினாள், ஜூலியின் பின்பக்கம் நகர்ந்து அவனுக்கு நேராக வந்து நின்றது. அவன் இந்தப் பக்கம் சுற்றினான், அவள் கயிற்றை அந்தப் பக்கம் தள்ளினாள், பின்பக்கம் மறுபடி அவனுக்கு நேராக வந்தது. ஆகாத கால் தரையை விட்டு எழும்பி, தொங்கிக்கொண்டு, காத்திருந்தது. கொட்டகை சின்னது, சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் ஆள் போக இடம் இல்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷம் கயிறு பிடித்ததில் அவள் கற்றுக்கொண்டது இவ்வளவு என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"அரத்தக் கீழ போடுங்க," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். அவன் போடவில்லை. அவள் கயிற்றை ஒரு சாண் இழுத்தாள். அவன் போட்டான். கழுத்தில் ரத்தம் இறங்கி ஸ்வெட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. "இவள வித்துருவேன்," என்றான், ஜூலியைக் காட்டி. "வித்துப் பாருங்க. சுல்தானுக்கும் நான்தான் கயிறு புடிக்கணும்." அவன் அடுத்த கொட்டகையில் கனைத்த அந்த இன்னொரு குதிரையின் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தான். "பிரின்சி மேல இனிமே கை வைக்க மாட்டேன்," என்றான். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "குளம்பு பாதியில நிக்குது," என்றாள். "இப்படியே விட்டா தரையில பட்டு மேல வரைக்கும் பிளந்துரும். வந்து முடிங்க." அவனுக்கும் அது தெரியும், அவளைவிட நன்றாகத் தெரியும், அரைகுறையாக வெட்டிய குளம்போடு ஒரு குதிரையை உறைந்த தரையில் விட அவன் கைக்கு வராது. கொறடை எடுத்தான். இடது பக்கம் போய் நின்றான். "சலேத்து, இந்தப் பக்கம் வாயேன்." கெஞ்சுகிறான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பேரை அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை, கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று இளகப் பார்த்தது, அதை அவள் அங்கேயே மிதித்தாள். "நான் இங்கதான் நிப்பேன்." இன்றைக்கு மட்டும் இல்லை, சித்திரை வரைக்கும், லாடம் அடிக்கிற நாள் வரைக்கும், அதற்கப்புறமும். குளம்பு வளர்வதை யாராலும் நிறுத்த முடியாது. அவன் ஜூலியின் முட்டியைத் தொட்டான், கையை எடுத்தான், மறுபடி தொட்டான், பெட்டைக்கும் அவனுக்கும் சேர்ந்து நடுக்கம் ஓடியது. கடைசியில் குனிந்தான். குல்லா எங்கேயோ விழுந்திருந்தது. ரத்தம் வழிந்த அந்தக் கழுத்து, அவள் எட்டிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. திரும்பின விரல் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை மறு கைக்கு மாற்றினாள். "மெதுவா," என்றாள். அவன் மெதுவாக வெட்டினான்.